நட்சத்திர மீன்களின் வக்கீல்

அவர் எதிரில் உட்கார்ந்து யாரைப் பற்றியும் குறை சொல்ல முடியாது. நாம் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்து அந்த ஆளின் பக்கம் போய் நின்றிருப்பார்.

மரக்காணத்தில் எங்கள் ஹவுஸ் ஓனர் அக்காவான அவருடைய வீட்டு மாடியில் நாங்கள் குடியேறிய முதல் வாரமே இது எனக்குத் தெரிந்துபோனது. கேஸ் சிலிண்டர் வரவில்லை. கைக்குழந்தை இருக்கிற வீடு, இப்படிச் செய்கிறார்களே என்று கீழே போய்ச் சொன்னேன். அவர் வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைப் புறங்கையால் நெற்றிக்கு ஏற்றினார்.

"தோ பாரு. அவன் ஒத்த ஆளு. எத்தினி மாடி ஏறுவான்? நீ போனை எடுத்தியா?"

"போனே வரலீங்க்கா."

"நல்லா நெனச்சிப் பாரு. புள்ள தூங்குதுன்னு சத்தத்தக் கொறச்சி வெச்சிருப்ப."

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மாடிக்கு வந்து போனை எடுத்து வந்த அழைப்புகளையெல்லாம் பார்த்தேன். சிலிண்டர்காரர் கூப்பிடவே இல்லை. ஆனாலும் அன்று முழுவதும் ஏதோ தப்பு செய்தவள் போலவே இருந்தேன். மறுநாள் அந்த ஆள் வந்து கேட்டருகே நின்று மாடியைக் காட்டி ஏதோ சொன்னார். ஹவுஸ் ஓனர் அக்காவின் கண்ணாடி நெற்றிக்கு ஏறுவது மேலிருந்து தெரிந்தது. என்ன பேசினார் என்று கேட்கவில்லை. அந்த ஆள் மட்டும் சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு, திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி படியேறி வந்தார். அது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

கரண்ட் போனால் அவர் லைன்மேன் பக்கம். காக்கா வடகத்தைத் தூக்கிப் போனால் காக்காவின் பக்கம். நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து மனசுக்குள் வைத்திருந்ததை ஒருநாள் துணிந்து சொன்னேன். "எங்க அத்தை எதுக்கெடுத்தாலும் குத்தம் கண்டுபுடிக்கிறாங்கக்கா." அவ்வளவுதான். கண்ணாடி ஏறிவிட்டது. "புள்ளையத் துபாய்க்கு அனுப்பிட்டுத் தனியாக் கெடக்குது அந்தம்மா. யார்கிட்ட பேசும்?" என் கணவர் இருப்பது தோஹா. அதைத் திருத்தக்கூட எனக்கு வாய் வரவில்லை.

இந்தப் பெண்மணியை எனக்குப் பிடிக்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, என்னைத்தான் அவருக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்தேன். இரண்டில் எது சரி என்று யோசித்ததில் பல சாயங்காலங்கள் போயின.

இனி தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவருக்குக் கடல் மீன் தொட்டி என்றால் உயிர். ஹாலில் ஒரு சுவர் முழுக்க அதுதான் இருந்தது. நீல விளக்கு, பாறைகள், நாலைந்து மீன்கள், பவளங்கள். அதில் ஒரு பவளத்தை அவர் பட்டன் என்று சொல்வார். சட்டைப் பொத்தான் அளவில் பச்சைப் பூக்கள், ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு பாறையை மூடியிருக்கும். சின்னத் துண்டாக வாங்கிவந்து அவரே வளர்த்தது. வேலைக்குத் திரும்பிப் போகும்போது தொட்டியை என் பொறுப்பில் விட்டுவிட்டு, தொட்டிக்கு நேர் எதிரே ஒரு கேமராவையும் மாட்டிவிட்டுப் போனார். தோஹாவிலிருந்து அவர் தொட்டியைப் பார்க்கலாம். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தலைமுடியைச் சரிசெய்துகொள்வேன்.

அத்தை கீழ்புத்துப்பட்டில் இருந்தார். வாரம் ஒருமுறை பஸ் ஏறி வந்துவிடுவார். அவருக்கு ஒரே யோசனைதான். "இங்க தனியா எதுக்கு வாடகை? தொட்டியைக் குடுத்துட்டுப் புள்ளையத் தூக்கிக்கினு அங்க வந்துடு." நான் வரமாட்டேன் என்று சொல்லும் ஆள் இல்லை. பார்க்கலாம் அத்தை என்பேன். என் கணவர் பொதுவாக ஒரு வழி சொன்னார். "லீவுல வர்றேன். நீ தனியா சமாளிக்கிறியான்னு பாப்போம். முடியலைன்னா அம்மா சொல்றபடி செஞ்சிடலாம்." சமாளிப்பதற்கு எது அடையாளம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். அவர் வரும்போது அந்தப் பச்சைப் பட்டன்கள் விரிந்திருக்க வேண்டும். விரிந்திருந்தால் மரக்காணம். சுருங்கியிருந்தால் கீழ்புத்துப்பட்டு.

கீழ் வீட்டு அண்ணனுக்கு, அதாவது அக்காவின் வீட்டுக்காரருக்கு, அந்தத் தொட்டியால் பெரிய மனக்குறை. அவர் பரம்பரையாக உப்பளம் வைத்திருப்பவர். நாங்களோ தொட்டிக்கான உப்பை வெளிநாட்டு வாளியில் வரவழைத்தோம். "உப்பளத்துக்காரன் வூட்டு மாடியில வெளிநாட்டு உப்பு. ஊர்ல கேட்டா சிரிப்பாங்க" என்று படியில் நின்றே சொல்லிவிட்டுப் போவார்.

ஒருநாள் நான் தொட்டித் தண்ணீரில் உப்பு அளந்துகொண்டிருந்தபோது அவர் எட்டிப் பார்த்தார்.

"எத்தினி இருக்கணும்?"

"முப்பத்தஞ்சுண்ணா."

அவர் முகம் மாறிவிட்டது. "முப்பத்தஞ்சா? ஏம்மா, கடலே மூணரை டிகிரிதான். பாத்தியில இருபத்தஞ்சு ஏறுச்சுன்னாவே உப்பு வுழுந்துடும். முப்பத்தஞ்சுன்னா உன் மீனெல்லாம் கருவாடுதான் போ."

அவர் சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டார். எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. மூன்று தலைமுறையாக உப்பு எடுப்பவர் சொல்கிறார். தோஹாவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. ஒரு வாளி நல்ல தண்ணீரைத் தூக்கித் தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டேன். அப்போது அக்கா படியேறி வந்தார்.

"இன்னா பண்ற?"

சொன்னேன். என் கணவர் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார் போலிருக்கிறது என்றும் சொன்னேன். அது போதுமே, கண்ணாடி ஏறியது.

"தோ பாரு, அந்தப் புள்ள அங்க வெயில்ல நின்னுக்கினு உனக்குச் சொல்லிக் குடுத்திருக்குது. ஆள் இல்லன்னு இப்படியா பேசுவ? எறக்கு வாளிய."

இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் என் கணவரே கூப்பிட்டார். ஆயிரத்துக்கு முப்பத்தைந்து என்பது அவர் கணக்கு, நூற்றுக்கு மூன்றரை என்கிற மாதிரி அண்ணன் கணக்கு, இரண்டும் ஒரே தண்ணீர்தான் என்றார். வாளியை ஊற்றியிருந்தால் பவளமெல்லாம் போயிருக்குமாம். "யாரு அந்த அறிவாளி?" என்று சிரித்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

அக்கா போன் பக்கம் குனிந்தார். "தம்பி, எங்க வூட்டுக்காரர் சொன்னதுல இன்னா தப்பு? கடல் மூணரைன்னாரு. நீயும் அதத்தான சொல்ற?"

இதற்குப் பிறகுதான் நட்சத்திர மீன்கள் வந்தன.

முதல் மீனைத் தொட்டிக் கண்ணாடியில் பார்த்தபோது அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை. என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது, சாம்பல் வெள்ளை. கால்கள் ஒன்று நீளம், ஒன்று குட்டை. குழந்தை கிறுக்கிய நட்சத்திரம் மாதிரி இருந்தது. அழகாக இருக்கிறதே என்று போட்டோ எடுத்து அனுப்பினேன். என் கணவரிடமிருந்து உடனே அழைப்பு வந்தது. அது பாறையில் ஒட்டிக்கொண்டுதான் வந்திருக்கும், கடைசியாகக் கடையிலிருந்து வந்த பாறையை முக்கிக் கழுவினாயா, நன்றாகப் பார்த்தாயா என்று கேட்டார். கழுவினேன். பார்த்தேன். நன்றாகப் பார்த்தேனா? அதைச் சொல்ல முடியவில்லை.

இணையத்தில் படித்தேன். படித்திருக்கக் கூடாது. சிலர் அது பாசியை மட்டும் தின்னும் அப்பாவி என்றார்கள். சிலர் பட்டன் பவளத்தைத் தின்றுவிடும் என்றார்கள். தன்னைத் தானே இரண்டாகப் பிய்த்துக்கொண்டு பெருகும் என்பதில் மட்டும் எல்லாரும் ஒன்றாக இருந்தார்கள். போகிற போக்கில், பட்டன் பவளத்திலேயே விஷம் உண்டு, கையுறை இல்லாமல் தொடாதே என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அன்றே தொட்டியைச் சுற்றி நாற்காலிகளை அடுக்கி மகள் நெருங்காதபடி வேலி போட்டேன். அவள் நாற்காலியில் ஏறக் கற்றுக்கொண்டது அந்த வாரத்தில்தான்.

கொஞ்ச நாளில் கண்ணாடியெங்கும் நட்சத்திரங்கள். பட்டன்களில் ஒரு ஓரம் சுருங்க ஆரம்பித்தது. நான் கீழே ஓடினேன்.

"அக்கா, அந்த நட்சத்திர மீனு பூவத் தின்னுதுக்கா."

அக்கா கீழே இருந்தார். மீன்கள் மேலே இருந்தன. வழக்கு எப்படிப் போகும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

"தின்னதப் பாத்தியா?"

"பூ மேல ஒக்காந்திருந்துச்சு."

"ஒக்காந்தா தின்னுதுன்னு அர்த்தமா? நீ சோபாவுல ஒக்காந்திருக்க, சோபாவத் தின்னியா?"

"பூ சுருங்குதேக்கா."

"ஒடம்பு சரியில்லாத பூவ வந்து பாக்குதோ இன்னாவோ. பாவம், வாயில்லாத ஜென்மம் மேல பழி போடாத."

இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லியிருந்தார் என் கணவர். கையுறை போட்டு, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் எடுத்தேன். எடுத்ததை என்ன செய்வது? வெட்டினால் இரண்டாகும். வெயிலில் காயப்போட மனம் வரவில்லை. வாஷ்பேசினில் விட்டால் குழாய் வழியாகக் கடலுக்கே போய்ப் பெருகிவிடுமோ என்று ஒரு பயம். கிண்ணத்தோடு கீழே போய் நின்றேன். அக்கா கையை நீட்டினார். "குடு இங்க. தீர்ப்பு வர்ற வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும்."

ஊறுகாய் பாட்டிலைக் கழுவி அதில் விட்டு, ஜன்னல் ஓரம் வைத்துக்கொண்டார். நான் தொட்டியில் தண்ணீர் மாற்றும்போது பழைய தண்ணீரில் ஒரு சொம்பு அவருக்குப் போகும். ஜன்னல் வெயிலில் பாட்டிலுக்குள் பச்சைப் பாசி படர்ந்தது. மீன்கள் அதைத் தின்று சௌக்கியமாக இருந்தன. பெருகவும் செய்தன.

ஒரு காலையில் தண்ணீர் கொண்டு போனபோது உள்ளே யாரையோ திட்டும் சத்தம் கேட்டது. விருந்தாளி போலிருக்கிறது என்று நின்றுவிட்டேன்.

"தடிப்பசங்களா. எதுனாத் தின்னலாம்னா அந்தப் பொண்ணோட பூதான் கெடச்சிதா? அது புள்ளைய வெச்சிக்கினு அல்லாடுது, நீங்க இங்க குடும்பம் நடத்துறீங்களா?"

பாட்டிலோடுதான் பேசிக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுகிற அதே குரல். நான் சொம்பை வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மாடிக்கு வந்த பிறகுதான் அவர் சொன்ன 'அந்தப் பொண்ணு' யாரென்று எனக்கு உறைத்தது.

இடுக்கியால் எடுத்து முடியாது என்று தெரிந்ததும் என் கணவர் சென்னை கொளத்தூரில் ஒரு வண்ணமீன் கடையில் சொல்லி ஒரு இறாலை அனுப்பவைத்தார். வெள்ளை உடம்பில் ஊதாப் புள்ளிகள், பூப்போட்ட கவுன் போட்ட மாதிரி. அது நட்சத்திர மீனைத் தவிர வேறெதையும் தின்னாதாம். கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில், தெர்மாகோல் பெட்டியில், கண்டக்டரின் சீட்டுக்கடியில் பயணம் செய்து வந்தது. அண்ணன்தான் போய் வாங்கி வந்தார். பெட்டிக்குள் ஒரே ஒரு இறால் இருப்பதைப் பார்த்துவிட்டு, "கொழம்புக்குக் காணாதே" என்றார்.

இறால் வேலையைத் தொடங்கியது. ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, மல்லாக்கப் புரட்டி, நகம் வெட்டுவது போல நிதானமாகக் காலிலிருந்து தின்றது. வாரங்கள் போகப்போகக் கண்ணாடி சுத்தமானது. சுருங்கிய பட்டன்கள் தயங்கித் தயங்கி விரிந்தன. ஒரு ஓரம் மட்டும் சொட்டையாகவே நின்றது. இனி நிம்மதி என்று நினைத்தபோது, இறால் ஒரு பாறை மூலையில் நகராமல் நிற்க ஆரம்பித்தது. தொட்டியில் ஒரு நட்சத்திரம்கூட மிச்சமில்லை. அதற்குச் சாப்பாடு இல்லை.

பிரச்சினையைத் தின்று தீர்க்க வந்ததே இப்போது பட்டினி கிடந்து சாகப்போகிறது. அதுவும் என் பொறுப்பில். என் கணவர் வருவதற்கு இரண்டு வாரம்கூட இல்லை. அத்தை வந்து பார்த்துவிட்டு, "இந்த எறா எதுக்கு இப்படித் தூங்குது?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த ஜன்னல் ஓரத்து ஊறுகாய் பாட்டில் எனக்கு நினைவில் இருந்தது. ஆனால் எப்படிக் கேட்பது? எந்த மீன்களுக்காக இத்தனை மாதம் வாதாடினாரோ அவற்றையே கொல்லக் கொடுங்கள் என்றா? மூன்று தடவை படியிறங்கி மூன்று தடவையும் மாடிக்கே திரும்பிவிட்டேன்.

நாலாவது தடவை அவரே பார்த்துவிட்டார். "இன்னா, படி அளக்குறியா?"

பாட்டில் அவர் பக்கத்தில் இருந்தது. நட்சத்திரங்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு எங்களைப் பார்ப்பது போலிருந்தது. அவர் மறுத்துவிடுவார் என்று தெரிந்தே, "அந்த இறாலு பட்டினி கெடக்குதுக்கா" என்றேன். கேட்கும் தைரியம் இல்லாமல் பழியை இறால் மேலேயே போட்டேன். "அதுக்கு இதத் தவிர எதுவும் எறங்காது. அடம் புடிச்ச ஜென்மம்."

கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

"தோ பாரு. அது இன்னா பண்ணும்? அது வயிறு அப்படி. ஊரு விட்டு ஊரு வந்து, பஸ்ஸுல குலுங்கி, அங்க ஒத்தையா மூலையில நிக்குது. நீ இங்க வந்து அதப் போயி அடம்ன்ற."

சொல்லிக்கொண்டே பாட்டிலைத் திறந்து, ஸ்பூனால் சிலவற்றை அள்ளி டம்ளரில் போட்டு என் கையில் கொடுத்தார். டம்ளரை வாங்கிக்கொண்டேன். இத்தனை மாதம் நான் பார்த்தும் பார்க்காமல் இருந்த சட்டம் அப்போதுதான் பிடிபட்டது. நட்சத்திர மீன்கள் அவர் எதிரில் இருந்தன. இறால் அங்கே இல்லை.

"பாக்கி இங்கியே இருக்கட்டும். அப்பப்போ வந்து வாங்கிக்க" என்றார். பிறகு பாட்டிலைப் பார்த்து, "உங்களுக்கு நல்லா வேணும்" என்றார்.

என் கணவர் வந்தார். பெட்டியைக்கூட இறக்காமல் தொட்டிமுன் போய் நின்றார். பட்டன்கள் விரிந்திருந்தன, சொட்டை ஓரத்தைத் தவிர. நான் அந்தச் சொட்டையை மறைக்கும்படி நின்றுகொண்டேன். அவர் தொட்டியை நெடுநேரம் பார்க்கவில்லை. "அது இருக்கட்டும், இதக் கேளு" என்று போனை எடுத்தார்.

கேமராவில் பதிவான ஒன்று. அதற்குக் காதும் உண்டு என்பதை அத்தை மறந்திருக்கிறார். நான் மகளுக்குத் தடுப்பூசி போடப் போயிருந்த நாள் அது. இறால் வருவதற்கு முந்தைய நாட்கள், பூக்கள் சுருங்கிக் கிடந்த நேரம். அத்தை தொட்டிமுன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அக்கா நிற்கிறார்.

"பாருங்க, பூவெல்லாம் எப்படிப் போச்சுன்னு. பயந்தாங்கொள்ளி. தொட்டதுக்கெல்லாம் பயம். இவ எங்க தனியாக் குடும்பம் நடத்தப் போறா?" என்கிறார் அத்தை.

அக்காவின் கை நெற்றிக்குப் போகிறது.

"தோ பாருங்கம்மா. அந்தத் தொட்டிக் கண்ணாடி பாதி பளபளன்னு கெடக்குதே, யாரு தொடச்சா? நானா தொடச்சேன்? இடுப்புல புள்ள, கையில இடுக்கி, ஒண்ணொண்ணா எடுக்குது அந்தப் பொண்ணு. பயப்படுதுன்றீங்க. பயந்து பயந்துதான் எதையும் கைவுடாம பாத்துக்குது. உங்க புள்ளை அங்க நிம்மதியாத் தூங்குறாருன்னா எதனால?"

"நீங்கதான போன வாரம் அவளத் திட்டிக்கினு இருந்தீங்க?"

"அது அவ இருக்கும்போது."

பதிவு அங்கே முடிந்தது. என் கணவர் அதைத் தோஹாவில் பலமுறை கேட்டிருக்கிறார் போல. கடைசி வரிக்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்டார். "அம்மாகிட்ட சொல்லிட்டேன். காலி பண்ண வேணாம். இங்கியே இரு" என்றார்.

நான் அழுதுகொண்டே கீழே ஓடினேன். "அக்கா, அத்தைகிட்ட எனக்காகப் பேசினீங்களே" என்று ஆரம்பித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆமா, பேசினேன். உங்க அத்தை சொன்னதும் ஒண்ணும் தப்பு இல்ல. வயசான மனுஷி, பேரப்புள்ளையப் பக்கத்துல வெச்சிக்கணும்னு ஆசைப்படாதா? நீ வாரத்துக்கு ஒருவாட்டியாச்சும் போயி எட்டிப் பாத்தியா? மூக்கத் தொடச்சிக்கோ."

அதன்பிறகு அத்தை மரக்காணம் வரும்போதெல்லாம், அக்காவை மாடிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, இருவருக்கும் டீ கொடுத்துவிட்டு, "தோ, கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று நான் கிளம்பிவிடுவேன். கடையில் வாங்க ஒன்றும் இருக்காது. உப்பளம் வரைக்கும் நடந்து, வெள்ளைக் குவியல்களை மகளுக்குக் காட்டிவிட்டு, நிதானமாகத் திரும்புவேன். அந்த நேரத்தில் என் வேலை அங்கே இல்லாமல் இருப்பதுதான்.

இப்போது நானும் மகளும் தோஹாவில், என் கணவரோடு. தொட்டி புதுச்சேரியில் ஒரு நண்பரிடம் போய்விட்டது, இறாலோடும் அதற்கான கட்டுச்சோற்றோடும். ஊறுகாய் பாட்டில் அந்த ஜன்னலில்தான் இருக்கிறது. அக்காவுக்குப் போன் செய்தால் திட்டுதான் கிடைக்கும். போனில் பேசினாலும் நான் எதிரில் இருப்பதாகத்தான் அவர் கணக்கு.

போன வாரம் அத்தை கூப்பிட்டார். குரலில் கோபம்.

"மரக்காணம் போயிருந்தேன். உங்க ஓனரம்மாவுக்கு வாயா அது? நீ முன்ன மாதிரி போன் பண்றதில்லன்னு ஒரு வார்த்தை சொன்னேன். ஒரே ஒரு வார்த்தை. நிக்க வெச்சி என்னைக் கேக்குது."

"என்ன கேட்டாங்க அத்தை?"

"உன்னைப் பத்திதான். நீ அங்க பாஷை தெரியாத ஊர்ல பகலெல்லாம் ஒத்தையாப் புள்ளைய வெச்சிக்கினு இன்னா பாடு படுறியோன்னு. எனக்குத் தெரியாதா அது?"

அடுப்பைச் சிறியதாக்கிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"வேற என்ன சொன்னாங்க, அத்தை?"